பன்னிரண்டு அடிப் பாறையும் நூற்றைம்பது துண்டும்

கருத்தரங்குக்கு வருகிறவர்களுக்கு என்ன கொடுப்பது என்ற பேச்சு வந்தபோது மாஜிதா டீச்சர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பிளாஸ்டிக் ஃபைல் கூடாது, பிளாஸ்டிக் பேனா கூடாது, தண்ணீர் பாட்டில் கூடவே கூடாது என்று அமைப்பாளர் சங்கரநாராயணன் சார் பட்டியலில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். கடைசியில் கொடுப்பதற்கு ஒன்றுமே மிஞ்சவில்லை. அவர் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தபோதுதான் இவள் எழுந்தாள்.

"ஆளுக்கு ஒரு துண்டு குடுத்துருவோமே சார். எங்க அண்ணன் தறி போட்டிருக்காவ. நல்ல பருத்தி."

எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த மாதமே அகமது கபீர் அண்ணனின் தறியிலிருந்து நூற்றைம்பது துண்டுகள் சுமையாட்டோவில் வந்து இறங்கின. வெள்ளைத் துண்டு, பச்சைக் கரை, கரையில் கருத்தரங்கின் பெயர். "ஒரு சொட்டுச் சாயம் போகாது. போச்சுன்னா எங்கிட்ட திருப்பிக் கொண்டா" என்று அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார்.

ஆடி மாதம், சாரல் விடாமல் தூவுகிற சீசனில், குற்றாலத்துக்கு நூற்றைம்பது பேரை வரவழைத்து ஆளுக்கொரு துண்டையும் கையில் கொடுத்தால் என்ன நடக்கும் என்று அந்தக் கமிட்டியில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் நன்றாகப் படித்தவர்கள்.

மாஜிதா மேலகரத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறாள். மூன்று வருஷமாக, மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைப் பார்க்க வேண்டுமென்றால் வீட்டுக்குப் போய்ப் பயனில்லை, ஐந்தருவிக்குத்தான் போக வேண்டும். அருவிக்குப் போகும் நடைபாதையின் ஓரத்தில் பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஒரு பாறைச்சுவர் இருக்கிறது. மலைக்குள்ளிருந்து கசிகிற நீர் அதன்மேல் மெல்லிசாக வழிந்துகொண்டே இருக்கும். அந்த ஈரத்தில், செங்குத்தான பாறையில், தலைப்பிரட்டைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். தலைப்பிரட்டை குளத்தில்தானே கிடக்கும் என்று கேட்காத ஆள் கிடையாது. இந்தத் தவளையின் குஞ்சுக்குக் குளம் வேண்டாம். நனைந்த பாறை போதும். பாசியைச் சுரண்டித் தின்றுகொண்டு, யாராவது கிட்டே வந்தால் துள்ளி ஒரு சாண் தள்ளிப் போய் மறுபடியும் ஒட்டிக்கொள்ளும். அவள் அவற்றை எண்ணுவாள், படம் எடுப்பாள், நோட்டில் எழுதுவாள். துபாயில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் அவள் கணவர் முஃபீத் போன் போட்டால், பிள்ளைகளை விசாரித்த பிறகு, "ஒன் பாறைப் பிள்ளைங்க எல்லாம் சௌக்கியமா?" என்று கேட்பார். கேலிதான். ஆனால் கேட்க மறந்ததில்லை.

அந்தப் பாறைமேல் சிமெண்டு பூசி டைல்ஸ் ஒட்டப் போகிறார்கள் என்ற செய்தி ஜூன் மாதம் அவள் காதுக்கு வந்தது. திங்கட்கிழமை காலையில் வேலை ஆரம்பம் என்று தேதியும் இப்போது குறித்தாகிவிட்டது. அதை நிறுத்தக்கூடிய ஒரே ஆள் சண்முகநாதன் என்ற பொறியாளர். அவருடைய அலுவலகத்துக்கு இரண்டு முறை நடந்தாள். இரண்டு முறையும் அவர் சைட்டுக்குப் போயிருந்தார். கடிதம் போட்டாள். "பரிசீலிக்கப்படும்" என்று பதில் வந்தது. பரிசீலித்து முடிப்பதற்குள் டைல்ஸ் ஒட்டி முடித்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். சங்கரநாராயணன் சார்தான் அவருடைய காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, சனிக்கிழமை மதியம் நான்காவது அமர்வுக்குச் சிறப்பு விருந்தினராக வர ஒப்புக்கொள்ள வைத்தார். மாஜிதாவுக்குப் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்துக்காக அவள் ஒரு மாதமாகத் தூங்காமல் படம் அடுக்கினாள்.

கருத்தரங்கு ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. சங்கரநாராயணன் சார் ஓய்வுபெற்ற பேராசிரியர். சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணம் முழுக்க மைக் பிடித்துப் பழகியவர். கையில் யாராவது ஒரு சீட்டைக் கொடுத்தால், அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால் மைக்கில் வாசித்துவிடுவார். காலையிலிருந்து அதுதான் நடந்தது. பல்லுயிர்ப் பெருக்கம் பற்றி ஒருவர் உருகிப் பேசிக்கொண்டிருக்கும்போதே, வழியை மறித்து நிற்கும் வெள்ளைக் காரை எடுக்கச் சொல்லி ஓர் அறிவிப்பு வந்தது. பருவநிலை மாற்றத்தின் நடுவில், ரசத்துக்குப் புளி போதவில்லை என்று சமையல்காரர் உள்ளே அனுப்பிய சீட்டும் மண்டபம் முழுக்க ஒலித்தது.

வந்தவர்களின் மனசெல்லாம் வெளியேதான் இருந்தது. இரண்டு நாளாக மலையில் மழை கொட்டி, வெள்ளம் வந்து, எல்லா அருவிகளிலும் குளிக்கத் தடை. அதிகாலையில் எழுந்து மெயினருவி வரைக்கும் போய், கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, காய்ந்த தலையோடு திரும்பியிருந்தார்கள். குற்றாலம் வரைக்கும் வந்து தலை நனையாமல் ஊருக்குப் போவதைப் போன்ற துக்கம் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு வேறு இல்லை.

மதியச் சாப்பாடு முடிந்து இரண்டேகாலுக்கு நான்காவது அமர்வு தொடங்கியது. பொறியாளர் சண்முகநாதன் சொன்ன நேரத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். மடிப்புக் கலையாத சட்டை, தடித்த கண்ணாடி, மடியில் கருத்தரங்கின் துணிப்பை. மாஜிதா மேடை ஏறி முதல் படத்தைத் திரையில் போட்டாள். குரல் நன்றாக வந்தது.

"எல்லாருக்கும் வணக்கம். நான் இன்றைக்கு ஒரு பாறையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்."

"ஒரு நிமிஷம் டீச்சர்" என்று சங்கரநாராயணன் சார் குறுக்கே வந்தார். யாரோ அவர் கையில் ஒரு சீட்டைத் திணித்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர் மைக்கில் வாசித்தார். "ஐந்தருவியில் தண்ணி குறைஞ்சிட்டு. தடைய எடுத்துட்டாவ. இப்பம் குளிக்க விடுதாவ."

வாசித்து முடித்த பிறகுதான் தான் வாசித்தது என்ன என்று அவருக்கே உறைத்தது. அதற்குள் பின்வரிசையில் முதல் நாற்காலி கிறீச்சிட்டுவிட்டது.

ஒருவர் வராத போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். அவர் பின்னால் நால்வர், அந்தப் போனைத் தாங்களும் கேட்கப் போகிறவர்கள் மாதிரி. பிறகு வெட்கம் எல்லாம் போய்விட்டது. எழுந்தவர்கள் எல்லோரும் மறக்காமல் துணிப்பையை எடுத்துக்கொண்டதை மாஜிதா மேடையிலிருந்து பார்த்தாள். பையில் துண்டு இருக்கிறது அல்லவா. அவள் சொல்லி வாங்கிய துண்டு.

வாசலில் பொறியாளரின் டிரைவர் பாண்டியராஜ் வந்து நின்று, தலைக்கு மேலே இரண்டு கையாலும் தண்ணீர் கொட்டுவது போல் ஜாடை காட்டினான். சண்முகநாதன் வாசலைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், மறுபடியும் வாசலைப் பார்த்தார். பிறகு நெஞ்சில் கைவைத்து, இதோ வந்துவிடுகிறேன் என்பது போல் அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார்.

மண்டபத்தில் ஒன்பது பேர் மிஞ்சினார்கள். அதில் நான்கு பேர் பாயசத்தின் அருளால் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க பேசுங்க டீச்சர். வீடியோ எடுத்து சாருக்கு அனுப்பிருவோம்" என்றார் சங்கரநாராயணன் சார், சீட்டைக் கையிலேயே கசக்கிக்கொண்டு.

"வீடியோவ அவிய திங்கக்கிழமைக்குள்ள பாப்பாவளா சார்?"

மாஜிதாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை பேர் முன்னால், இல்லை, இந்த ஒன்பது பேர் முன்னால் அழுவதற்கு அவளுக்கு மனசில்லை. மடிக்கணினியை மூடிப் பையில் வைத்தாள். முக்காட்டைச் சரி செய்துகொண்டு வெளியே வந்து, ஐந்தருவிக்கு ஆட்டோ பிடித்தாள்.

பாதை முழுக்கக் கூட்டம். சாரல் ஊசி ஊசியாக விழுந்துகொண்டிருந்தது. பழக்கடைகளைத் தாண்டி, பாறைச்சுவர் தொடங்கும் இடத்துக்கு எதிரே வள்ளித்தாயின் கடை. பஜ்ஜியும் நேந்திரங்காய்ச் சிப்ஸும் போடுகிறவள். மாஜிதாவைவிட நான்கைந்து வயது மூத்தவள், வாய் அதைவிட மூத்தது. ஞாயிறு ஞாயிறாகப் பார்த்துப் பார்த்து இரண்டு பேருக்கும் நல்ல பழக்கம்.

"என்ன டீச்சர், இன்னைக்கு சனிக்கிழமைல்லா?"

"ஒரு இன்ஜினியர் சாரத் தேடி வந்தேங்க்கா. கண்ணாடி போட்டிருப்பாவ, வெள்ளைச் சட்டை, பச்சைக்கரைத் துண்டு."

"பச்சைக்கரைத் துண்டா? கால் மணி நேரமா அந்தத் துண்டாத்தான் வந்து குமியுது. ஏதோ பெரிய கல்யாண வீட்டுக் கூட்டம்னுல்லா நெனச்சேன்."

மாஜிதா ஆண்கள் குளிக்கும் பக்கத்தை எட்டிப் பார்த்தாள். அருவிக்கடியில் நூறு தலைகள். கட்டுரை வாசிக்கும்போது முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் அங்கே கண்ணை மூடிக்கொண்டு சிரித்தபடி நின்றார்கள். போலீஸ்காரர் விசில் ஊதினார். அந்தப் பக்கம் அவள் போக முடியாது.

"இங்கன உக்காருங்க" என்று வள்ளித்தாய் முக்காலியை இழுத்துப் போட்டாள். "அருவியில நின்னவனுக்குப் பசிக்கும். பசிச்சா என் சட்டிகிட்ட வந்துதான் ஆவணும். இது வரைக்கும் ஒருத்தனும் தப்புனது கெடையாது."

மாஜிதா உட்கார்ந்தாள். அந்த மனிதர் வந்ததும் என்னென்ன கேட்பது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள். பொறுப்பு, கடமை, மக்கள் பணம் என்று கனமான வார்த்தைகளாக அடுக்கி வைத்தாள்.

இருபது நிமிஷத்தில் அவர் வந்தார். இடுப்பில் ஈர வேட்டி, தோளில் பச்சைக்கரைத் துண்டு, தாடை இரண்டும் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தன. கண்ணாடி இல்லை. முக்காலியில் இருந்தவளைக் கடைக்காரி என்று நினைத்துக்கொண்டு, "ஒரு பிளேட்டு பஜ்ஜி குடும்மா" என்றார்.

மாஜிதா எழுந்து ஒரு தட்டை எடுத்து, நான்கு பஜ்ஜியை வைத்து, கையில் கொடுத்தாள். அவர் ஒன்றை எடுத்து வாயருகே கொண்டு போனார்.

"சார், நான் மாஜிதா. நாலாவது அமர்வு."

பஜ்ஜி அப்படியே நின்றது.

"டீச்சரா?" என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "மன்னிச்சுக்கிடுங்க டீச்சர். கண்ணாடி பாண்டியராஜ்கிட்ட இருக்கு. அவன் இன்னும் தண்ணிக்குள்ள நிக்கான்." பிறகு, ஒளிக்காமல் சொன்னார். "ரெண்டு சீசனா இந்த ரோட்டுலதான் அலையுதேன். பைப்பு உடைஞ்சிட்டு, கம்பி பேந்துட்டுன்னு வந்து நிப்பேன், பாத்துட்டுப் போயிருவேன். ஒரு நா குளிச்சது கெடையாது. இன்னைக்கு அந்தச் சீட்ட வாசிச்சதும் எனக்குக் கை காலே நிக்கல."

அவள் அடுக்கி வைத்திருந்த கனமான வார்த்தைகளில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. நனைந்து நடுங்கிக்கொண்டு உண்மையைச் சொல்லுகிற ஆளிடம் எப்படிக் கோபப்படுவது.

"அந்தப் பத்து நிமிஷத்த இப்பக் குடுங்க சார். அந்தா இருக்கு பாறை."

"இந்தக் கோலத்துலயா?"

"அதுகளும் ஈரத்தோடதான் நிக்கு, போங்க" என்றாள் வள்ளித்தாய், மாவைக் கலக்கிக்கொண்டே.

அவர் சுவர் அருகே போய் முகத்தைக் கொண்டுபோய் ஒட்டாத குறையாகப் பார்த்தார். "கறுப்பாத் தெரியுது. பாசிதான் இருக்கு. வேற ஒண்ணும் தெரியல டீச்சர்."

ஒரு மாதம் அடுக்கிய படங்கள் பையில் இருக்கின்றன. பார்க்க வேண்டியவரின் கண் அருவிக்கடியில் இருக்கிறது. மாஜிதா ஒரு கணம் யோசித்தாள். "விரல நீட்டுங்க சார். இன்னும் கொஞ்சம் கீழ. அழுத்தாம, சும்மா வைங்க."

அவர் வைத்தார். விரலடியில் ஏதோ வழுவழுவென்று அசைந்தது. சட்டென்று துள்ளி அவர் மணிக்கட்டில் விழுந்து, அங்கிருந்து மறுபடியும் பாறைக்குத் தாவியது.

"ஏலே" என்றார் பொறியாளர், தன்னை மறந்து. பிறகு இன்னோர் இடத்தில் விரலை வைத்தார். அங்கேயும் ஒன்று துள்ளியது. "எத்தன இருக்கு டீச்சர்?"

"போன ஞாயித்துக்கெழமை எண்ணுனேன். நூத்திப் பதினேழு."

அவர் சிரித்தார். ஆனால் கையை எடுத்ததும் முகம் மாறிவிட்டது. "நான் வேணும்னு டைல்ஸ் போடல டீச்சர். போன சீசன்ல இந்த எடத்துல மூணு பேரு வழுக்கி விழுந்தாவ. ஒரு அம்மாவுக்கு இடுப்பெலும்பு போச்சு. நாந்தான் வண்டியில ஏத்தி அனுப்புனேன். இந்தச் சுவத்துத் தண்ணி பாதைக்கு வாரத நிறுத்தலைன்னா இந்த வருசமும் விழுவாவ."

மாஜிதாவுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. மூன்று வருஷம் இதே இடத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றவள், காலடியில் பாதையைப் பார்த்ததே இல்லை. அவள் கட்டுரையில் பதினெட்டுப் படம் இருந்தது. விழுந்தவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அவளுக்கு அவமானமாக இருந்தது.

"சுவத்துத் தண்ணி வாரதால வழுக்கல" என்றாள் வள்ளித்தாய். கரண்டியோடு எழுந்து வந்திருந்தாள். "போக வழியில்லாம பாதையில தேங்குததாலதான் வழுக்குது. கீழ ஒரு சின்ன வாய்க்கா உண்டும். முன்னால எல்லாம் தண்ணி அதுல எறங்கிப் போயிரும். இப்பம் அடைச்சுக் கெடக்கு. எல்லாம் சிப்ஸ் பாக்கெட்டுதான்." கொஞ்சம் நிறுத்தினாள். "எங்கடைப் பாக்கெட்டும் கெடக்கும். பொய் சொல்லக் கூடாதுல்லா."

சண்முகநாதன் குனிந்து சுவரின் அடியில் கையால் துழாவினார். சேறும் இலையுமாக ஒரு பொதி வந்தது, அதற்குள் பாக்கெட்டுகள். இன்னும் ஆழமாகக் கைவிட்டு இழுத்தார். உள்ளே எங்கோ களக்கென்று ஒரு சத்தம். பாதையில் தேங்கியிருந்த நீர் மெல்ல நகர்ந்து, சுவரடிக்குப் போய், இறங்கி மறைந்தது. அதற்குள் பஜ்ஜிக்கு வந்த பச்சைக்கரைத் துண்டுகள் எல்லாம் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தன.

அவர் சேற்றுக் கையோடு நிமிர்ந்தார். "சுவத்துல கை வைக்கல டீச்சர். வாய்க்காலத் தோண்டி, மேல கம்பி மூடி போட்டுக் கட்டுவோம். பாதையில மட்டும் சொரசொரப்புக் கல்லு. ஒங்க பாறை அப்படியே இருக்கட்டும்."

மாஜிதாவுக்கு மண்டபத்தில் அடக்கிய அழுகை இப்போது கேட்காமலே வந்துவிட்டது. சாரல் விழுந்துகொண்டிருந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

"எங்களுக்கும் சொல்லுங்க டீச்சர்" என்று கூட்டத்தில் ஒரு குரல் வந்தது. வராத போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியேறிய அதே ஆள், இப்போது கையில் பஜ்ஜியோடு.

அவள் முக்காலியில் ஏறி நின்று பேசினாள். படம் இல்லை, மைக் இல்லை. அருவிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, தலைப்பிரட்டையைப் பற்றிச் சொன்னாள். சோப்பும் ஷாம்பூவும் எண்ணெயும் இந்த மெல்லிய நீரில் கலந்தால் அவற்றுக்கு என்ன ஆகும் என்று சொன்னாள். வாய்க்காலைப் பற்றியும், விழுந்த அந்த அம்மாவைப் பற்றியும், தான் கீழே பார்க்காததைப் பற்றியும் சொன்னாள். நடுங்கிக்கொண்டே அறுபது பேர் கேட்டார்கள். பாதிப் பேச்சில் சங்கரநாராயணன் சார் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். கையில் நேரம் முடிந்தால் அடிக்கிற மணியை வைத்திருந்தார். யாரோ அவரிடம் ஒரு சீட்டை நீட்டினார்கள். அதை வாங்கி, படிக்காமலே மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மாஜிதா இருபத்து மூன்று நிமிஷம் பேசினாள். மணி அடிக்கவே இல்லை.

"வேலையாளுங்க திங்கக்கிழமை விடியவே வந்து கொத்த ஆரம்பிச்சுருவாங்க" என்றார் சண்முகநாதன். "போன்ல சொல்லிருதேன். இருந்தாலும் கண்ணுக்குத் தெரியுத மாதிரி ஒரு அடையாளம் வேணுமே." சுற்றும் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பிழிந்து, கைப்பிடிக் கம்பியில் ஒரு நுனியைக் கட்டினார். பக்கத்தில் நின்றவர் தன் துண்டை அதோடு முடிந்தார். அப்புறம் துண்டுகள் தானாக வந்தன.

"ஒரு நிமிஷம் சார்" என்று மாஜிதா குறுக்கே வந்தாள். கட்டிய துண்டின் பச்சைக் கரையை வெள்ளைக் கைக்குட்டையில் வைத்துத் தேய்தேய் என்று தேய்த்தாள். கைக்குட்டையில் பச்சை ஒட்டவில்லை. அதன் பிறகுதான் மீதியைக் கட்ட விட்டாள்.

பன்னிரண்டு அடிக்கு நான்கு துண்டு போதும். பத்தொன்பது கட்டிவிட்டார்கள். கடைசித் துண்டு அவளுடையது, மடிப்புக்கூடப் பிரிக்காதது.

"மூணு வருசமா வாரீங்க" என்றாள் வள்ளித்தாய். "ஒரு நாளாவது அருவியில தலைய நனைச்சிருக்கீங்களா? நானும் பாக்கேன், சுவத்தயே பாத்துட்டுப் போயிருதீங்க. பைய எங்கிட்ட குடுங்க."

மாஜிதா பையைக் கொடுத்துவிட்டுப் பெண்கள் பக்கம் போனாள். முதல் அடி தலையில் விழுந்ததும் மூச்சு நின்று திரும்ப வந்தது. பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இவளும் சிரித்தாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

கருத்தரங்கின் அறிக்கையில் சங்கரநாராயணன் சார் இப்படி எழுதினார்: "நான்காம் அமர்வு. இடம்: ஐந்தருவி. கலந்துகொண்டோர்: அறுபது பேர், அனைவரும் ஈரமாக."

அன்று மாஜிதா சொட்டச் சொட்டக் கடைக்குத் திரும்பியபோது பைக்குள் போன் அடித்துக்கொண்டிருந்தது. அகமது கபீர் அண்ணன்.

"என்னம்மா, துண்டு எப்பிடி? சாயம் எதுவும் போச்சா?"

"ஒரு சொட்டுப் போகல அண்ணே. உரசிப் பாத்துட்டேன்."

"நாந்தான் சொன்னேம்லா. நீ எப்பிடி இருக்கே, கருத்தரங்கு முடிஞ்சுதா?"

மாஜிதா முகத்தில் வழிந்த தண்ணீரைப் புறங்கையால் துடைத்தாள். எதிரே பத்தொன்பது துண்டும் சாரலில் நனைந்துகொண்டு, பாறையைக் காவல் காத்துக்கொண்டிருந்தன.

"முடிஞ்சுட்டு அண்ணே. நல்லா முடிஞ்சுது. தொவட்டத்தான் துண்டு இல்ல. வாரப்ப ஒண்ணு எடுத்துட்டு வாங்க."